ஹீத்கிளிஃபைப் பிடிக்காமலே வுதரிங் ஹைட்ஸ் படிக்கலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எமிலி பிராண்ட்டியின் வுதரிங் ஹைட்ஸ் நாவலைப் பாதிவரை படித்துவிட்டேன். உலகின் மகத்தான காதல் கதை என்று சொன்னார்கள் என்றுதான் கையில் எடுத்தேன். ஹீத்கிளிஃப் கொடூரன், கேத்தரின் சுயநலக்காரி, சுற்றி இருக்கிற ஒருவரையும் பிடிக்கவில்லை. எல்லோரும் கொண்டாடுகிற புத்தகத்தில் எனக்கு மட்டும் எரிச்சல் வருகிறதே, என் வாசிப்பில் ஏதாவது கோளாறா? தொடரட்டுமா, மூடி வைக்கட்டுமா?”

உங்கள் வாசிப்பில் கோளாறு இல்லை. உங்களிடம் அதைக் காதல் கதை என்று சொல்லிக் கொடுத்தார்களே, அங்கேதான் கோளாறு. அந்தப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1939இல் லாரன்ஸ் ஒலிவியர் ஹீத்கிளிஃபாக நடித்து வந்த ஹாலிவுட் படம் கேத்தரினின் மரணத்தோடு ஏறக்குறையக் கதையை முடித்துக்கொண்டது. நாவலில் மொத்தம் 34 அத்தியாயங்கள். கேத்தரின் இறப்பது பதினாறாவது அத்தியாயத்தில். மிச்சமுள்ள பாதியை, அதாவது அடுத்த தலைமுறையின் கதையை, அந்தப் படம் தூக்கியே எறிந்துவிட்டது. பாதிக் கதையைப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு முழுக் கதையைப் படிக்க உட்கார்ந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, இந்த எரிச்சலில் நீங்கள் தனியாள் இல்லை. நாவல் 1847 டிசம்பரில் லண்டனில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியானபோது, அதன் வேகத்தை ஒப்புக்கொண்டவர்கள்கூட முகம் சுளித்தார்கள். 1848இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, ஒரு மனிதர் பத்துப் பன்னிரண்டு அத்தியாயம் எழுதி முடிப்பதற்குள் தற்கொலை செய்துகொள்ளாமல் எப்படித்தான் இதைத் தொடர்ந்து எழுதினாரோ என்று வியந்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே எமிலி காசநோயில் இறந்துபோனார். வயது 30. இரண்டு வருடம் கழித்து, 1850இல், அக்கா ஷார்லட் இந்த நாவலை மறுபதிப்புச் செய்து முன்னுரை எழுதினார். தங்கைக்காக வாதாட எழுதிய முன்னுரை அது. அதிலேயே ஹீத்கிளிஃப் போன்ற ஒரு பிறவியைப் படைப்பது சரியா என்று தனக்குத் தெரியவில்லை, சரியென்று பெரும்பாலும் தோன்றவில்லை என்று சொல்லிவிடுகிறார். கூடப் பிறந்தவருக்கே அப்படி. நாம் எம்மாத்திரம்?

ஆக, பிடிக்கவில்லை என்பதை ஒரு தடையாக நினைத்து அதைத் தாண்டிக் குதிக்கப் பார்க்காதீர்கள். “இவர்களை நேசிக்கப் பழகினால்தான் நாவல் பிடிபடும்” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வெறுப்பையே பிடித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறை கோபம் வரும்போதும் ஒரு கேள்வி போதும்: இதை எனக்கு யார் சொல்கிறார்கள்?

முதல் வாய் லாக்வுட். 1801இல் பக்கத்து மாளிகையான திரஷ்கிராஸ் கிரேஞ்சுக்குக் குடித்தனம் வந்திருக்கும் நகரத்து ஆசாமி. வீட்டு உரிமையாளர் ஹீத்கிளிஃபை அவன் வசிக்கும் வுதரிங் ஹைட்ஸ் வீட்டில் பார்க்கப் போகிறான், உடனே “நம்மைப் போலவே ஒதுங்கி வாழும் ஆள்” என்று முடிவு கட்டிவிடுகிறான். மனிதர்களை எடைபோடுவதில் தனக்கு நல்ல தேர்ச்சி என்று அவனுக்கு நினைப்பு. இரண்டாவது முறை போகும்போது, அந்த வீட்டு இளம்பெண்ணிடம் பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, மூலையில் மெத்தைமேல் குவிந்து கிடக்கிற எதையோ பார்த்து, உங்கள் செல்லப் பூனைகள் இவையா என்று கேட்கிறான். அவை செத்த முயல்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்துவிட்டு யோசியுங்கள். செத்த முயலைப் பூனை என்று நினைக்கிற ஒருவன்தான் நமக்கு முதல் சாட்சி. அதே காட்சியில் அந்தப் பெண்ணை முதலில் ஹீத்கிளிஃபின் மனைவி என்று நினைக்கிறான், அப்புறம் அங்கே இருக்கும் இளைஞன் ஹேர்ட்டனின் மனைவி என்று நினைக்கிறான். இரண்டும் தப்பு. அவள் ஹீத்கிளிஃபின் மருமகள், விதவை.

இன்னொரு பக்கத்தில் தன் கதையையும் சொல்கிறான். ஒரு கடற்கரை ஊரில் ஒரு பெண்ணைக் கண்ணாலேயே துரத்தியிருக்கிறான். அவள் திரும்பிப் பார்த்த நிமிடத்தில் நத்தை மாதிரி ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டான். அவள் குழம்பி, வெட்கப்பட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். இதை ஒரு சின்ன விஷயம்போல் சொல்லிவிட்டு நகர்கிறான்.

அப்புறம் மூன்றாவது அத்தியாயம். பனிப்புயலால் அந்த வீட்டிலேயே இரவு தங்க நேர்கிறது. கனவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு குழந்தையின் கை அவன் கையைப் பற்றிக்கொண்டு, உள்ளே விடு என்று அழுகிறது. பயத்தில் லாக்வுட் என்ன செய்கிறான் தெரியுமா? அந்தக் குழந்தையின் மணிக்கட்டை உடைந்த கண்ணாடிச் சில்லின்மேல் வைத்து, ரத்தம் வழிந்து படுக்கை நனையும்வரை முன்னும் பின்னுமாகத் தேய்க்கிறான். நாவலில் நம் கண்முன் நடக்கும் முதல் பெரிய கொடுமை இதுதான். செய்தவன் ஹீத்கிளிஃப் இல்லை, நாகரிகமான, படித்த, நம்மைப் போன்ற ஒரு வாசகன். கனவுதானே என்று விட்டுவிடலாம். எமிலி விட்டுவிடச் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. கொடுமைக்காரர்களைப் பார்க்க வந்திருக்கிற நம்மை வாசலிலேயே நிறுத்தி நம் கையைத் திருப்பிக் காட்டுகிறார்.

இரண்டாவது வாய் நெல்லி டீன். நாவலின் பெரும்பகுதி இவள் சொல்ல லாக்வுட் கேட்டு எழுதியது. வீட்டோடு வளர்ந்த வேலைக்காரி, புத்திசாலி, நல்லது கெட்டது தெரிந்தவள் என்ற தோரணையில் பேசுவாள். ஷார்லட் தன் முன்னுரையில் நெல்லியை உண்மையான நல்லெண்ணத்துக்கும் விசுவாசத்துக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். நூறு வருடம் கழித்து, 1958இல், ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற விமர்சகர் இந்த நாவலின் வில்லன் யார் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன விடை நெல்லி! நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், வக்கீல் வாதம்போல் ஒரு பக்கமாகவே இழுக்கிறார். ஆனால் அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம். அதோடு நான்காம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

வுதரிங் ஹைட்ஸின் அப்போதைய சொந்தக்காரர், பெரியவர் எர்ன்ஷா, லிவர்பூலுக்குப் போகிறார். போக அறுபது மைல், வர அறுபது மைல், நடந்தே. கிளம்பும்போது பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மகன் ஹிண்ட்லி வயலின் கேட்கிறான். ஆறு வயதுகூட நிரம்பாத கேத்தரின் சவுக்கு கேட்கிறாள். மூன்றாம் நாள் இரவு அவர் திரும்பி வந்து மேலங்கியைப் பிரித்தால் உள்ளே அழுக்கும் கந்தலுமாக ஒரு பையன், அவன்தான் ஹீத்கிளிஃப். லிவர்பூல் தெருவில் பசியோடு அலைந்துகொண்டிருந்தவன், யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை. வயலின் நொறுங்கிக் கிடக்கிறது, சவுக்கு தொலைந்துவிட்டது. ஹிண்ட்லி அழுகிறான். கேத்தரின் பையன்மேல் துப்புகிறாள். அவனைக் குளிப்பாட்டிப் பிள்ளைகளோடு படுக்க வை என்று நெல்லியிடம் சொல்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். நெல்லி அவனை மாடிப்படியின் நடுத்தளத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள், விடிவதற்குள் எங்காவது போய்விட்டால் நல்லது என்ற எண்ணத்தில். இதை அவளே சொல்கிறாள். ஹிண்ட்லி அவனை வெறுத்தான், உண்மையைச் சொன்னால் நானும்தான் என்றும் சொல்கிறாள். ஹிண்ட்லியின் அடியைக் கண் சிமிட்டாமல் வாங்கிக்கொள்வான், என் கிள்ளலுக்கு ஒரு மூச்சை இழுத்துக்கொள்வான், அவ்வளவுதான் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். கிள்ளியது அவள்! ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது பையனின் கல்மனசுதான் பேச்சுப்பொருள் ஆகிறது.

இப்படிப் படித்ததால் ஹீத்கிளிஃப் நல்லவனாகிவிடப் போவதில்லை. அதையும் அதே அத்தியாயம் உடனே காட்டிவிடுகிறது. எர்ன்ஷா இரண்டு பையன்களுக்கும் ஆளுக்கொரு குதிரைக்குட்டி வாங்கித் தருகிறார். நல்ல குட்டியை ஹீத்கிளிஃப் எடுத்துக்கொள்கிறான், அது நொண்ட ஆரம்பித்துவிடுகிறது. உடனே ஹிண்ட்லியிடம் போய், உன் குதிரையை எனக்குக் கொடு, இல்லாவிட்டால் இந்த வாரம் என்னை மூன்று தடவை அடித்ததை அப்பாவிடம் சொல்வேன், தோள்வரை கன்றிப்போன கையையும் காட்டுவேன் என்கிறான். ஹிண்ட்லி இரும்பு எடைக்கல்லை எடுத்து அவன் மார்பில் எறிகிறான். ஹீத்கிளிஃப் விழுந்து, வெளுத்துப்போய் எழுந்து, குதிரையை மாற்றிக்கொண்டுதான் ஓய்கிறான். அடிபட்ட பிள்ளை என்று பரிதாபப்படவும் முடியவில்லை, கணக்குப் போடுகிற பிள்ளை என்று ஒதுக்கவும் முடியவில்லை. அடியையே காசாக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. பின்னால் அவன் செய்யப்போகிற எல்லாமும் இந்தக் குதிரை வியாபாரத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு விஷயம். ஆறாவது அத்தியாயத்தில் கிரேஞ்சின் அன்றைய சொந்தக்காரர் கனவான் லிண்டன் இந்தப் பையனைப் பார்த்துவிட்டு, லிவர்பூலிலிருந்து பிடித்து வந்த சின்ன லாஸ்கரோ, அமெரிக்க அல்லது ஸ்பானியக் கரையொதுங்கியோ என்கிறார். லாஸ்கர் என்று அன்றைக்குச் சொன்னது ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளை. நெல்லியும் பின்னால் அவனைத் தேற்றுகிறேன் என்று, உன் அப்பா சீனத்துச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்கிறாள். கதை நடக்கிற அந்தக் காலத்தில் லிவர்பூல் அடிமை வியாபாரக் கப்பல்களின் பெரிய துறைமுகம். பையன் யார் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லாததை நாம் சொல்ல வேண்டாம். ஆனால் நிறத்தைப் பார்த்துக் “திருட்டு முழி” என்று முடிவுகட்டும் ஆட்கள் அவனைச் சுற்றி இருந்தார்கள் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது.

சரி, கேத்தரின். அவளைச் சுயநலக்காரி என்கிறீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தக் கனவானின் மகன் எட்கர் லிண்டனை ஏன் கட்டிக்கொள்கிறாய் என்று நெல்லி குறுக்கு விசாரணை செய்கிறாள். அழகாக இருக்கிறான், இளமையாக இருக்கிறான், என்னை நேசிக்கிறான், பணக்காரன் ஆவான், இந்த வட்டாரத்திலேயே பெரிய மனுஷியாக இருப்பேன் என்று அடுக்குகிறாள். அப்புறம்தான் எல்லோரும் மேற்கோள் காட்டும் “நான்தான் ஹீத்கிளிஃப்” வருகிறது. அட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சடித்து விற்கிற வரி அது. அதற்குச் சற்று முன்னால், ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்குத்தான் இழிவு என்று அவள் சொன்னதையும், அதை அவள் கண்ணில் படாமல் சாய்விருக்கைக்கு அந்தப்பக்கம் சுவரோரப் பெஞ்சில் கிடந்த ஹீத்கிளிஃப் கேட்டுவிட்டு எழுந்து போனதையும் அச்சடிப்பதில்லை. அவன் போனதை நெல்லி பார்க்கிறாள். பேச்சை நிறுத்தி, அவன் இங்கேதான் இருந்தான் என்று கேத்தரினிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருடம் ஆள் காணாமல் போகிறான்.

அவளுடைய திட்டத்தையும் கவனியுங்கள். எட்கரின் பணத்தை வைத்து ஹீத்கிளிஃபை அண்ணன் ஹிண்ட்லியின் பிடியிலிருந்து மீட்பது. படிக்கிற நமக்கு இது அபத்தமாகப்படும். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் கைப்பணம், நகை நட்டு, அசையும் சொத்து எல்லாம் கணவனுக்குப் போய்விடும். அது மாறியது 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான். கையில் சொந்தப் பணமும் இல்லாத, சொத்து முழுவதும் அண்ணனிடம் இருக்கிற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கைக்கு எட்டிய ஒரே வழி யாரைக் கட்டிக்கொள்வது என்பதுதான். அவளைப் பிடிக்க வேண்டாம். எனக்கும் அவளோடு ஒரு வேளை சாப்பாட்டுக்கு உட்கார முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் அவள் முன்னால் இருந்த கதவுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திட்டினால் திட்டு சரியான இடத்தில் விழும்.

நாவல் உங்கள் வெறுப்பை எதிர்பார்த்திருக்கிறது என்பதற்கு ஒரு நேரடிச் சாட்சி உண்டு: எட்கரின் தங்கை இசபெல்லா. ஹீத்கிளிஃபை ரொமான்டிக் நாயகனாகப் படித்த முதல் வாசகி அவள்தான். கேத்தரினே அவளை எச்சரிக்கிறாள்: கடுமையான வெளிப்புறத்துக்குள்ளே அன்பு ஒளிந்திருக்கிறது என்று கற்பனை செய்யாதே, அவன் ஓநாய் மாதிரி, இரக்கமில்லாதவன் என்று. இசபெல்லா கேட்பதில்லை. அவனோடு ஓடிப்போகும் இரவில் அவளுடைய நாய்க்குட்டியை அவன் தூக்கில் தொங்கவிடுகிறான், நெல்லி வந்து அவிழ்த்துவிடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு ஹீத்கிளிஃப் நெல்லியிடம் சொல்வதைப் பதினான்காம் அத்தியாயத்தில் படியுங்கள்: இவள் என்னைக் காதல் கதைகளில் வரும் வீரநாயகன் என்று கற்பனை செய்துகொண்டு வந்தாள், கிளம்பும்போதே நாயைத் தொங்கவிட்டதைப் பார்த்தாள், அப்போதும் புத்தி வரவில்லை. இந்தப் பேச்சு இசபெல்லாவுக்கு மட்டும் இல்லை. அவனைப் போஸ்டரில் ஒட்டிக்கொண்டு பெருமூச்சு விடுகிற ஒவ்வொரு வாசகருக்கும் எமிலி 1847லேயே எழுதி வைத்துவிட்டுப் போன பதில்.

நீங்கள் பாதிவரை வந்துவிட்டதாகச் சொன்னீர்கள். அதனால் பின்பாதியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கதை முடிச்சுகள் வெளிப்படும், பரவாயில்லையா? இந்த நாவலில் அடுத்து என்ன நடக்கும் என்பது பெரிய ரகசியமும் இல்லை.

பின்பாதி ஒரு சொத்துப் பறிப்புக் கதை. நம் ஊரில் பங்காளிச் சண்டை, அடமானம், மைனர் சொத்து என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெள்ளைக்காரர்களை விட நன்றாகவே புரியும் என்று நினைக்கிறேன். 1926இல் சி. பி. சாங்கர் என்ற பாரிஸ்டர் இந்த நாவலை ஒரு வழக்குக் கட்டுபோல் எடுத்துவைத்து ஆராய்ந்தார். யார் எந்த ஆண்டு பிறந்தார், எப்போது இறந்தார் என்று முழுக் கால வரிசையையும் நாவலில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளிலிருந்து கண்டுபிடித்தார். இரண்டு குடும்பங்களின் வம்சாவளியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் காட்டினார். சொத்துச் சட்டம் எமிலிக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்றும் காட்டினார். வெறிபிடித்த காதல் புயல் என்று நாம் கேள்விப்பட்ட புத்தகத்துக்குள் இப்படி ஒரு கணக்கர் உட்கார்ந்திருக்கிறார்.

ஹீத்கிளிஃப் செய்வது இதுதான். குடியிலும் சூதிலும் விழுந்த ஹிண்ட்லிக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து நிலம் முழுவதையும் அடமானமாக வாங்கிக்கொள்கிறான். ஹிண்ட்லி செத்ததும் வீடு அவன் கையில். அடுத்தது எட்கரின் கிரேஞ்ச். இசபெல்லாவின் வயிற்றில் பிறந்த தன் நோயாளி மகன் லிண்டனுக்கு எட்கருக்கும் கேத்தரினுக்கும் பிறந்த மகள் கேத்தியைக் கட்டிவைத்தால் காரியம் முடிந்தது. அவளை வரவழைத்து, நெல்லியோடு சேர்த்து வீட்டுக்குள் பூட்டி, அறைந்து, கல்யாணத்தை முடிக்கிறான். சாகக் கிடக்கும் எட்கர் உயிலை மாற்ற வக்கீலுக்கு ஆள் அனுப்புகிறார். வக்கீலை ஹீத்கிளிஃப் ஏற்கெனவே விலைக்கு வாங்கிவிட்டான். எட்கர் கண்ணை மூடியபிறகுதான் அவர் வந்து சேர்கிறார். அப்புறம் லிண்டனும் போகிறான், தன் அசையும் சொத்தை எல்லாம் அப்பா பேருக்கு எழுதிவைத்துவிட்டு. மைனர் என்பதால் நிலத்தை எழுதிவைக்க முடியாது. அதற்கும் ஹீத்கிளிஃப் உரிமை கொண்டாடுகிறான். கையில் காசும் துணைக்கு ஆளும் இல்லாத கேத்தி என்ன செய்துவிட முடியும் என்று நெல்லி பெருமூச்சு விடுகிறாள்.

(இந்த லிண்டன் பையன்தான் என்னளவில் நாவலின் மிகக் கஷ்டமான பாத்திரம். ஹீத்கிளிஃபை வெறுக்கலாம், இவனை வெறுக்கக்கூடத் தெம்பு வராது. அழுது, இருமி, சர்க்கரைக் குச்சியைச் சப்பிக்கொண்டே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுப்பான். இந்த அத்தியாயங்களை வேகமாகக் கடந்தால் குற்றமில்லை.)

நீங்கள் விடக்கூடாத ஆள் வேறு ஒருவன், ஹேர்ட்டன். ஹிண்ட்லியின் மகன், அந்த வீட்டின் உண்மையான வாரிசு. வாசல் கல்லில் 1500 என்ற ஆண்டோடு செதுக்கியிருக்கும் பெயரே “ஹேர்ட்டன் எர்ன்ஷா” தான். மூதாதையின் பெயர். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அப்படிப் படிக்கத் தெரியாதவனாகவே அவனை வளர்த்தவன் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லியைப் புதைக்கக் கிளம்பும் முன் அந்தச் சின்னப் பையனைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தி ஹீத்கிளிஃப் சொல்கிறான்: இனி நீ என்னுடையவன், ஒரே காற்று முறுக்கினால் ஒரு மரம்போலவே இன்னொரு மரமும் கோணலாக வளர்கிறதா என்று பார்ப்போம். முதல் அத்தியாயத்தில் வடகாற்றில் சாய்ந்து குட்டையாகிப்போன மரங்களை லாக்வுட் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பான், ஞாபகம் இருக்கிறதா? ஹிண்ட்லி ஹீத்கிளிஃபுக்குச் செய்ததை ஹீத்கிளிஃப் ஹிண்ட்லியின் மகனுக்குச் செய்கிறான். படிப்பைப் பிடுங்கி, வயலுக்கு விரட்டி, வசைச்சொல் மட்டும் கற்றுக்கொடுத்து. ஈவிரக்கமில்லாத ஒரு சோதனை.

என்னைக் கேட்டால் நாவல் முழுவதும் இந்த வரியில் தொங்குகிறது. ஹீத்கிளிஃபும் கேத்தரினும் முதல் மரம். கோணலாகிவிட்டது, பார்த்தோம், வெறுத்தோம். இரண்டாவது மரம் என்ன ஆகும் என்பதற்காகத்தான் எமிலி இன்னும் பதினேழு அத்தியாயங்களுக்கு மேல் எழுதுகிறார். முதல் மரத்தை நாம் நேசித்திருந்தால் இந்தச் சோதனையே புரியாமல் போயிருக்கும்.

ஹேர்ட்டன் ஒளித்துவைத்துப் படிக்கப் பழகுகிறான், கேத்தி அவன் எழுத்துக்கூட்டுவதைக் கேலி செய்கிறாள். ஒருநாள் கேலி தாங்காமல் தான் சேர்த்துவைத்த புத்தகங்களை எல்லாம் நெருப்பில் போடுகிறான். அந்த இடத்தில் கேத்தியையும் உங்களுக்குப் பிடிக்காமல் போகும். போகட்டும். பிறகு அவளே இறங்கி வருகிறாள், ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் நேர்த்தியாகக் கட்டி அவன் பெயர் எழுதி நெல்லி கையில் கொடுத்தனுப்புகிறாள், அவன் வாங்கிக்கொண்டால் சரியாகப் படிக்கக் கற்றுத்தருவேன் என்று. அவன் உறையைப் பிரிக்கும்போது முகம் சிவக்கிறது. பெரிய வசனம் எதுவும் இல்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து, கிழட்டு வேலைக்காரன் ஜோசப் உயிராக வளர்த்த பழச்செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பூச்செடி வைக்கத் திட்டம் போடுகிறார்கள். வீட்டில் பெரிய ரகளை ஆகிறது.

அந்த ரகளையில் ஒரு காட்சி. கேத்தி எதிர்த்துப் பேச, ஹீத்கிளிஃப் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடிக்கிறான். கிழித்துப் போடப்போகிறான் என்று நெல்லி பதறுகிறாள். திடீரென்று விரல்கள் தளர்கின்றன. அவள் முகத்தையே உற்றுப் பார்க்கிறான், கையால் தன் கண்ணை மூடிக்கொள்கிறான். அன்று மாலை கேத்தியும் ஹேர்ட்டனும் ஒன்றாகப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். இருவருக்கும் ஒரே கண்கள், செத்துப்போன கேத்தரினின் கண்கள். அப்புறம் அவன் நெல்லியிடம் பேசுவதுதான் முப்பத்துமூன்றாம் அத்தியாயத்தின் உச்சம்: இரண்டு வீட்டையும் இடித்துத் தள்ளக் கடப்பாரை சேர்த்தேன், இப்போது எல்லாம் தயார், பழிவாங்க இதுதான் சரியான நேரம், ஆனால் என்ன பயன், அடிக்கக் கையைத் தூக்கவே சலிப்பாக இருக்கிறது. திருந்திவிட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை. மன்னிப்பும் கேட்பதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே என்று நெல்லியை எச்சரிக்கவும் செய்கிறான். வில்லனைத் திருத்தி அழவைக்கிற வேலையை எமிலி செய்யவில்லை. இந்த நாவல்மேல் எனக்கு இருக்கிற மரியாதையில் பாதி இதற்காக.

அவன் செத்துக் கிடக்கும்போது விடிய விடியப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவன் ஹேர்ட்டன். அதிகம் வஞ்சிக்கப்பட்டவன் அவன்தான், உண்மையாகத் துக்கப்பட்டவனும் அவன் ஒருவன்தான் என்கிறாள் நெல்லி. இந்த இடத்தில் ஹீத்கிளிஃபைப் பற்றி உங்கள் தீர்ப்பு மாற வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு மாறவில்லை. ஆனால் நாம் வெறுக்கிற ஒருவனுக்காக நாம் மதிக்கிற ஒருவன் அழுதால் என்ன செய்வது? ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு துளி உண்டு. குடிவெறியில் ஹிண்ட்லி மாடியிலிருந்து தவறவிட்ட குழந்தை ஹேர்ட்டனை, கீழே தற்செயலாக வந்த ஹீத்கிளிஃப் அனிச்சையாகக் கைநீட்டிப் பிடித்துவிடுகிறான். பிடித்த அடுத்த நொடியே, பழிவாங்கக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டோமே என்று அவன் முகம் விழுந்துவிடுகிறது. பிடித்த கையும் அவனுடையது, வருந்திய முகமும் அவனுடையது.

இனி நடைமுறை விஷயம். பெயர்கள் குழப்பும். கேத்தரின் இரண்டு பேர், லிண்டன் குடும்பப் பெயராகவும் வரும் முதல் பெயராகவும் வரும். ஒரு தாளில் இரண்டு குடும்ப மரம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி எரிச்சல் அதிலேயே போய்விடும். ஜோசப் பேசுவது யார்க்‌ஷயர் கிராமத்துப் பேச்சு. இங்கிலாந்துக்காரர்களே தடுமாறுவார்கள் என்பதால்தான் 1850 பதிப்பில் ஷார்லட் அதைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தார். இப்போது கிடைக்கும் பல பதிப்புகள் 1847 மூலத்தையே பின்பற்றுகின்றன. புரியாவிட்டால் “வழக்கம்போல் சபிக்கிறார்” என்று எடுத்துக்கொண்டு தாண்டுங்கள், பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

கடைசியாக, மூடிவைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஆனால் மூடுகிற இடம் பதினாறாம் அத்தியாயமாக இருக்க வேண்டாம். அங்கே மூடினால் அந்தப் படம் எடுத்தவர்கள் மூடிய இடத்திலேயே நீங்களும் மூடியதாகும். பதினேழைப் படியுங்கள், அந்த மரத்தைப் பற்றிய பேச்சு அதில்தான் வருகிறது. நடுவில் இருக்கும் லிண்டன் அழுகையெல்லாம் ஓடவிட்டு, முப்பதிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படியுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். குறிப்பாக எட்கரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஹீத்கிளிஃப் ரசிகர்கள் எல்லோரும் அவரைக் கோழை என்றே எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.